கை தூக்கும் பயிற்சி

இளைஞர்கள் ஊரில் எங்கே கூடுகிறார்கள் என்று நகர மன்றம் ஒரு முறை ஆராய்ச்சி செய்தது. சும்மா செய்யவில்லை. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. பொது முடிவுகளில் இளைஞர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதற்கென்று ஓர் இடம் அமைக்க வேண்டும், அமைத்ததற்கு அத்தாட்சியாகப் புகைப்படங்கள் அனுப்ப வேண்டும். முதல் இரண்டைக் கேட்டபோது மன்றத்தில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. புகைப்படம் என்றதும்தான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆராய்ச்சியின் முடிவில், இளைஞர்கள் யாரும் கூப்பிடாமல் தாமாகவே தினமும் வந்து கூடும் இடம் ஒன்றே ஒன்றுதான் என்று தெரியவந்தது. மன்றக் கட்டடத்தின் பின்பக்கம் இருந்த படிப்பகம் அது. உடனே அங்கிருந்த இளைஞர்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டி, இளைஞர்கள் கூடுவதற்கான இடத்தை அமைக்கும் வேலையை ஆரம்பித்தார்கள்.

இது எதுவும் தெரியாமல் கோட்டான் வழக்கம்போலக் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கோட்டான் என்பது அவள் பெயர் அல்ல. நாலு பேர் முன்னால் வாயே திறக்காத பிள்ளையை அவளுடைய அக்கா சின்ன வயதில் ஊமைக்கோட்டான் என்று திட்டப்போக, ஊமை காலப்போக்கில் உதிர்ந்து, கோட்டான் மட்டும் ஒட்டிக்கொண்டது. பிள்ளைக்கு இப்போது இருபத்து மூன்று வயது. பெயரும் மாறவில்லை, குணமும் மாறவில்லை.

அவளுக்குப் படிப்பகத்தை விட்டால் வேறு கதி கிடையாது. வீடு அப்பாவின் பஞ்சர் கடைக்கு மேலே. கீழே காற்றடிக்கிற கம்ப்ரஸர் நினைத்த நேரத்தில் உறுமும். அது ஓய்ந்தால் மேலே அக்காவின் இரட்டைக் குழந்தைகளில் ஒன்று ஆரம்பிக்கும். ஒன்று ஆரம்பித்தால் மற்றதற்கு ரோஷம் வந்துவிடும். கோட்டான் எழுதவிருந்தது மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்கான தேர்வு. போன வருடம் ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் தவறினால் பேசாமல் சித்தப்பாவின் சிமெண்ட் கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான் என்று அப்பா சொல்லியிருந்தார். அப்பா கெட்டவர் இல்லை. சொன்னால் சொன்னதுதான் என்கிற ஒரு குறை மட்டும் அவரிடம் உண்டு. சிமெண்ட் கடையை நினைத்தாலே அவளுக்கு மூக்கில் தூசி ஏறியதுபோல இருக்கும்.

முன்கதவில் பெரிய பூட்டு தொங்கியது. மேலே 'இளைஞர் குரல் மையம்' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். கீழே நாற்காலி போட்டுக்கொண்டு மணிக்காரர் மடியில் பித்தளை மணியைக் கவிழ்த்து வைத்து, அதன் நாக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த மன்றத்தில் எவ்வளவு பேசினாலும் எதுவும் முடிவாகாது. உறுப்பினர்கள் கை தூக்க வேண்டும், தலைவர் மணியை ஆட்ட வேண்டும், மணிக்காரர் கதவருகே நின்று, "முடிந்தது, முடிந்தது, மறுபேச்சில்லை!" என்று முழங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முடிவு. முழங்குவது மணிக்காரருடைய அப்பா பார்த்த வேலை. அதே குரல், அதே இழுவை என்று ஊரில் சொல்வார்கள். மணிக்காரருக்கு அதில் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. சொந்த மகளின் பள்ளிக்கூடப் பரிசளிப்புக்குக்கூட அவர் மணியோடுதான் போனார்.

"அண்ணே, எப்பத் தெறப்பாங்க?" என்று கோட்டான் கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளேயிருந்து ஓர் அம்மாள் பாய்ந்து வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கலர் கலராகச் சீட்டுகள். அவர்தான் பங்கேற்பு ஒருங்கிணைப்பாளர். இளைஞர்களைப் பங்கேற்க வைப்பதற்கென்றே படித்துவிட்டு வந்தவர்.

"கேள்வி கேக்கறாங்க! பாத்தீங்களா, யாரும் சொல்லிக்குடுக்காம தானா கேக்கறாங்க! உள்ள வாம்மா, நீதான் இளைஞர்!"

"இல்லீங்க, நான் படிக்க..."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். மொதல்ல பங்கெடுத்துக்கோ."

கோட்டானின் சட்டையில் 'என் குரல்' என்று எழுதிய ஒரு வட்டச் சீட்டு ஒட்டப்பட்டது.

உள்ளே படிப்பகத்தின் மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அலமாரிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் சுவரில் பழைய மரப் பலகை மட்டும் அப்படியே இருந்தது. 'பேசாதீர்கள்.' அதைக் கழற்றப் பொறியாளர் பிரிவின் அனுமதி வேண்டும், பொறியாளர் விடுப்பில் இருக்கிறார் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். எனவே அந்தப் பலகைக்குக் கீழேதான் இளைஞர்களின் குரல் ஒலிக்க ஏற்பாடாகியிருந்தது.

படிப்பகத்தில் கோட்டானோடு எப்போதும் படிப்பவர்கள் பலரும் அங்கே சீட்டு ஒட்டப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். சட்டம் படிக்கிற வக்கீல் பையன் கடுப்போடு இருந்தான். முன் வரிசையில் தலைவரின் மைத்துனர் இளைஞராக வந்திருந்தார். மைத்துனரின் மகனும் இளைஞனாக வந்திருந்தான். அப்பாவின் தலைமுடி மகனுடையதைவிடக் கறுப்பாக இருந்தது.

தலைவர் மேடையேறினார்.

"இளைஞர்களே! நீங்கள்தான் நாளைய தலைவர்கள். நாளைய என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைக்கு நாங்கள் இருக்கிறோம், நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் கருத்து இந்த மன்றத்துக்கு மிக மிக முக்கியம். அதனால்தான் அது என்னவாக இருக்க வேண்டும் என்பதை நாங்கள் இவ்வளவு சிரத்தையோடு யோசிக்கிறோம். இதுவரை உங்களைக் கேட்காமலேயே முடிவு செய்துவந்தோம் என்று சிலர் குற்றம் சொல்கிறார்கள். இனி அந்தக் குற்றச்சாட்டுக்கு இடமில்லை. இனி உங்களைக் கேட்டுவிட்டே அதே முடிவைச் செய்வோம்!"

மைத்துனர் கைதட்டினார். மைத்துனரின் மகன் போனிலிருந்து தலையெடுக்காமல் கைதட்டினான்.

பிறகு பயிற்சி ஆரம்பமாயிற்று. பொது முடிவில் பங்கெடுப்பதற்கு மூன்று படிகள் என்று ஒருங்கிணைப்பாளர் விளக்கினார். முதல் படி கேட்பது. அது இப்போது தலைவர் பேசியபோதே முடிந்துவிட்டது, எல்லோருக்கும் வாழ்த்துகள். இரண்டாம் படி கை தூக்குவது. மூன்றாம் படி பேசுவது. மூன்றாம் படிக்குப் பயிற்சியாளர் இன்னும் நியமிக்கப்படவில்லை.

"கை தூக்கறதுல என்னங்க பயிற்சி?" என்று வக்கீல் பையன் கேட்டான்.

"அப்படித்தான் எல்லாரும் நெனைக்கிறாங்க தம்பி. முழங்கை மடங்கினா தயக்கம். வெரல் விரிஞ்சா கேள்வி. ஒரே ஒரு வெரல்னா பாத்ரூம். கைய மூடித் தூக்கினா அது போராட்டம், அதுக்குப் போலீஸ் இருக்கு. முழங்கை நேரா, வெரலெல்லாம் சேந்து, உள்ளங்கை முன்னால. இதுதான் பங்கேற்பு."

"சரிங்க. வேணாம்னு சொல்லணும்னா எப்படித் தூக்கறது?"

"அதுக்குத் தூக்கவே வேணாம்பா. சும்மா உக்காந்திருந்தாப் போதும். எவ்வளவு சௌகரியம் பாரு."

"சும்மா உக்காந்திருக்கறவங்கள எண்ணுவீங்களா?"

ஒருங்கிணைப்பாளர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "கையே தூக்காதவங்கள எப்படிப்பா எண்ணறது?"

ஒத்திகை தொடங்கியது. கை தூக்கு, இறக்கு, தூக்கு, இறக்கு. தோள்பட்டை வலிக்கும்வரை நடந்தது. நடைமுறை பழக வேண்டும் என்று மணியையும் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார்கள். மணிக்காரர் கதவருகே போய் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்ப முழுசா ஒரு தடவை பாத்துடலாம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். "உதாரணத்துக்கு ஏதாவது ஒரு விஷயம் வெச்சுக்குவோம். ம்... இந்தக் கூடம் எப்பவுமே இளைஞர் குரல் மையமா இருக்கலாமா? உதாரணந்தான். எங்க, தூக்குங்க!"

கைகள் எழுந்தன. கோட்டானின் கை பாதியில் நின்றது. ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது, என்னவென்றுதான் பிடிபடவில்லை. அதற்குள் ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்து, "முழங்கை, முழங்கை" என்று சொல்லி அவள் கையைப் பிடித்து நேராக நிமிர்த்தினார். இத்தனை கைகளை ஒன்றாகப் பார்த்த பூரிப்பில் தலைவர் மணியை எடுத்து ஆட்டினார். மணிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு முழங்கினார்.

"முடிந்தது, முடிந்தது, மறுபேச்சில்லை!"

எல்லோருக்கும் பிஸ்கட்டும் டீயும் கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் கோட்டான் வந்தபோது தச்சர்கள் படிப்பக அலமாரிகளைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். புத்தகங்களை மூட்டை கட்டிக் கொட்டகையில் போட்டாயிற்று. "இதெல்லாம் எப்ப திரும்ப வெப்பீங்க?" என்று கேட்டாள். "திரும்ப எதுக்கு? இனிமே எப்பவும் இது மையந்தானே. நேத்து நீங்கள்லாம் சேந்து முடிவு பண்ணீங்களாமே" என்றார் தச்சர்.

வாழ்க்கையில் முதல் தடவையாக, பதவியில் இருக்கும் ஒருவரின் அறைக்குள் கோட்டான் கூப்பிடாமல் நுழைந்தாள்.

தலைவர் அவளை உட்காரச் சொன்னார். மரியாதை தெரிந்த மனிதர். பக்கத்தில் மணிக்காரர் மணியோடு நின்றார்.

"ஐயா, அது ஒத்திகைங்க. உதாரணம்னு சொல்லித்தான் கை தூக்கச் சொன்னாங்க."

"ஆமாம்மா, ஒத்திகைதான். நான் இல்லேன்னு சொல்லலையே."

"அப்ப அது செல்லாதில்லீங்களா?"

"ஒத்திகைன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மணிக்குத் தெரியுமாம்மா?" தலைவரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "மணி அடிச்சாச்சு. இவரும் முழங்கிட்டாரு. அதுக்கு மேல நான் யாரு? நான் ரொம்ப சாதாரண ஆளும்மா."

"எங்களுக்குப் படிக்க வேற எடமே இல்லீங்கய்யா."

"இப்படி யோசிச்சுப் பாரு. காலங்காலமா எளைஞர்களோட முடிவ யாராவது மதிச்சாங்களா? மொத மொத நாங்கதான் மதிக்கிறோம். இப்ப நீயே வந்து, அத மதிக்காதீங்கன்னு சொல்றே. மனசுக்குக் கஷ்டமா இருக்கும்மா."

கோட்டான் பையை எடுத்துக்கொண்டாள். எழுந்து கதவுவரைக்கும் போனவள் திரும்பி, "மணி அடிச்சத மாத்தவே முடியாதுங்களா?" என்று கேட்டாள்.

பதில் மணிக்காரரிடமிருந்து வந்தது. சந்தேகம் கேட்டால் விளக்காமல் இருக்க அவரால் முடியாது. "ஏன் முடியாது? உறுப்பினருங்க அத்தன பேரும், ஒருத்தர் பாக்கி இல்லாம, அதே எடத்துல வந்து கை தூக்கி, மணி அடிக்கணும். எங்கப்பா காலத்துல இருந்து அத்தன பேரும் ஒண்ணா வந்த சரித்திரமே கெடையாது. போன கூட்டத்துக்குத் தலைவரும் நானுந்தான்."

"பாத்தியாம்மா, வழி இருக்கு" என்றார் தலைவர். "வழியே இல்லேன்னா அது சர்வாதிகாரம். இது அப்படி இல்ல."

அன்றிலிருந்து கோட்டான் ஊர் ஊராகத் திரிகிறவள்போல ஊருக்குள்ளேயே திரிந்தாள். பேருந்து நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். எந்த வண்டிக்கு நிற்கிறாய் என்று நடத்துநர்கள் மாறி மாறிக் கேட்டார்கள். வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு படித்தாள். அவளுடைய எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள், அதுவும் மிகச் சீக்கிரமாக. வங்கி அப்படி வேகமாக வேலை செய்தது அந்த ஒரு நாள்தான். கடைசியில் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம் கிடைத்தது. அங்கே மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஒரு நாள் ரத்த அணுக்கள் பாடத்தில் ஒரே பக்கத்தை நாலாவது தடவையாகப் படித்தும் மண்டையில் ஏறாமல், அவளை அறியாமல் கண்ணில் நீர் வழிந்தது. பக்கத்திலிருந்த பெரியவர், "அழாதம்மா, உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாயிடும்" என்று தேற்றினார். உள்ளே தனக்கு யாரும் இல்லை என்று சொல்ல மனம் வராமல், கோட்டான் அவருக்காக இன்னும் கொஞ்சம் அழுதாள்.

வீட்டில் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து, கடையில் மேசையை எந்தப் பக்கம் போட்டால் உனக்கு வசதி என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அக்கா ஒரு குழந்தையை மடியிலும் மற்றதைக் காலிலும் போட்டு ஆட்டிக்கொண்டே நடந்ததை எல்லாம் கேட்டாள்.

"ஏண்டி, அந்த உறுப்பினருங்க ஒரு நாள்கூட மொத்தமா வந்ததில்லையா?"

"கூட்டத்துக்கு எவன் வரான்? பாதிப் பேரு மூஞ்சியே மணிக்காரருக்கு மறந்துபோச்சாம்."

"கூட்டத்துக்கு வரமாட்டாங்கடி. என் கல்யாணத்துல பாத்தியே. நேரத்துக்கு வந்தது யாரு? நம்ம அப்பாவும் சமையல்காரரும். குரூப் ஃபோட்டோன்னு ஒரு குரல் குடுத்ததும் மேடை தாங்குச்சா? கால் ஒடஞ்சு படுத்திருக்கேன்னு சொன்ன பெரியத்தான் மொத வரிசையில நின்னாரு."

கோட்டானின் கண் அகலமாக விரிந்தது.

"பாரேன், கோட்டான் முழிக்குது" என்று அக்கா குழந்தையிடம் சொன்னாள்.

மேலிடத்துக்குப் புகைப்படம் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. 'உறுப்பினர்களும் இளைஞர்களும் சேர்ந்து முடிவெடுக்கும் காட்சி' என்று தலைப்பே கொடுத்திருந்தார்கள். படம் நல்லபடியாக அமைந்தால் ஊருக்குப் பரிசு உண்டு, பரிசை வாங்கத் தலைநகருக்குப் போய்வரலாம் என்று பேச்சு அடிபட்டது. காலையிலேயே மையத்தின் வாசலில் வண்டிகள் வந்து நின்றன.

எல்லோரும் வந்திருந்தார்கள். கையில் கட்டுப் போட்ட உறுப்பினர் கட்டின்மேல் துண்டு போட்டு மறைத்துக்கொண்டு வந்திருந்தார். காலமாகிவிட்டார் என்று ஊரில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்த ஓர் உறுப்பினர், புதுச் சட்டையும் பவுடருமாக வந்து முதல் வரிசையில் இடம் பிடித்தார். மணிக்காரர் வாசலில் நின்று ஒவ்வொருவராக எண்ணினார். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை எண்ணினார். "ஒருத்தர் பாக்கி இல்ல. எங்கப்பா பாக்கக் குடுத்து வெக்கல" என்று கண் கலங்கினார்.

புகைப்படக்காரர் கல்யாணங்களில் பழகியவர். கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த அவரிடம் கோட்டான் மெதுவாகப் போனாள்.

"அண்ணே, சும்மா வரிசையா நின்னா செத்த வீட்டு ஃபோட்டோ மாதிரி இருக்கும்ல? எல்லாரும் கை தூக்கி, தலைவர் மணி அடிக்கிற மாதிரி எடுத்தா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, நீ எங்க ஃபீல்டுக்கு வந்திருக்கலாம்."

அதன் பிறகு அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. "ஒசரமானவங்க பின்னாடி! பவுடர் சார், தொப்பைய உள்ள இழுங்க! துண்டு போட்ட சார், நல்ல கைய ரெடியா வெச்சுக்கங்க! நடுவுல ஒரு எளைஞர் எழுந்து நின்னு ஏதாவது கேக்கற மாதிரி இருக்கணும்!" என்று புகைப்படக்காரர் கூடத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். மைத்துனர் எழுந்தார். "உங்கள இல்ல சார், எளைஞர்" என்றார் புகைப்படக்காரர். ஒருங்கிணைப்பாளர் கோட்டானை எழுப்பி நிறுத்தினார். இந்தப் பிள்ளைதான் வாயே திறக்காது, வம்பில்லை என்பது அவருடைய கணக்கு.

"சும்மா வாய மட்டும் அசைம்மா. சத்தம் வேணாம். ஃபோட்டோல சத்தம் வராது."

கோட்டான் நின்றாள். எதிரே பலகை. 'பேசாதீர்கள்.' பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குக்கூட அவள் உரக்கக் குரல் கொடுத்ததில்லை. உட்கார்ந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. சிமெண்ட் கடையில் சித்தப்பா மேசையை எந்தப் பக்கம் போட்டிருப்பார் என்பது ஏனோ கண்முன்னால் வந்தது.

"இந்தக் கூடத்த மறுபடியும் எப்பவும்போலப் படிப்பகமாத் தெறக்கலாமா?"

குரல் நடுவில் உடைந்தாலும், கடைசி வரிசைவரைக்கும் போனது. ஆனால் உறுப்பினர்கள் யார் காதிலும் அது விழவில்லை. கேட்பதற்கான பயிற்சி இளைஞர்களுக்கு மட்டும்தான் கொடுக்கப்பட்டிருந்தது.

"தூக்குங்க, எல்லாரும் தூக்குங்க! சிரிச்ச முகம்! தலைவர் சார், மணி! நல்லா ஆட்டுங்க, சும்மா புடிச்சிட்டிருந்தா பொம்ம மாதிரி இருக்கு!"

உறுப்பினர்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். கட்டுப் போட்டவர் நல்ல கையைத் தூக்கினார். தலைவர் கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே மணியை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

கோட்டான் கேட்டது மன்றத்து ஆட்களில் ஒரே ஒருவர் காதில் சரியாக விழுந்திருந்தது. மணிக்காரர் கதவருகே திருதிருவென்று விழித்தார். தலைவரைப் பார்த்தார், கோட்டானைப் பார்த்தார், கடைசியில் மணியைப் பார்த்தார். மணி அடித்த பிறகு சும்மா இருப்பது அவர் பரம்பரையில் இல்லை.

"முடிந்தது, முடிந்தது, மறுபேச்சில்லை!"

பின்வரிசையிலிருந்து வக்கீல் பையன் ஒரு விசில் அடித்தான். அப்போதுதான் தலைவரின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "என்ன? என்ன முடிஞ்சது?" என்று கேட்டார். மணிக்காரர் கோட்டான் கேட்டதை ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

"யோவ், அது ஃபோட்டோவுக்குய்யா!"

கூடம் முழுவதும் கோட்டானைத் திரும்பிப் பார்த்தது. அவள் இன்னும் உட்காரவில்லை.

"ஃபோட்டோவுக்குன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும்" என்றாள். "மணிக்குத் தெரியுமாங்கய்யா?"

தலைவர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் அவர் காதோரம் குனிந்து படபடவென்று ஏதோ சொன்னார். விஷயம் இதுதான். இன்றைய மணி செல்லாது என்றால், ஒத்திகையில் அடித்த அன்றைய மணியும் செல்லாது. அன்றையது செல்லாவிட்டால் கூடம் இன்னும் படிப்பகமாகவே இருக்கிறது. அன்றையது செல்லும் என்றால் இன்றையதும் செல்லும், அப்போதும் கூடம் படிப்பகம்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பெண் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் மைக்கைக் கையில் எடுத்தார். இருபது வருடம் பதவியில் இருந்தவர் என்பது அப்போது தெரிந்தது.

"இந்த நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன்! இளைஞர்கள் எங்களை ஏமாற்றி ஒரு முடிவு எடுக்க வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு. ஏமாற்றுவது என்றால் என்ன? அதுதான் ஆட்சித் திறமை! அதை நாங்கள் உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். படிப்பகத்தை மூடியது நாங்கள் என்று நாளைக்குச் சிலர் சொல்லலாம். நாங்கள் மூடியிருக்காவிட்டால் நீங்கள் எப்படித் திறந்திருக்க முடியும்?"

படம் நன்றாக வந்திருந்தது. ஊருக்குப் பரிசும் கிடைத்தது. அதை வாங்க மைத்துனர் இளைஞர்களின் சார்பில் போய்வந்தார்.

படிப்பகத்துக்கு அலமாரிகளும் புத்தக மூட்டைகளும் திரும்பி வந்தன. வெளியே 'இளைஞர் குரல் மையம்' என்ற துணி மட்டும் அப்படியே தொங்கியது. அதை அவிழ்ப்பதைப் பற்றி யாரும் கை தூக்கவில்லையாம். கோட்டான் ஜன்னலோரம் தன் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஆனால் அந்தக் கொஞ்ச நாளும் அவளுடையதாக இருந்தது. முதல் நாள் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு, புத்தகத்தையே திறக்காமல் சும்மா இருந்தாள்.

மன்றம் சும்மா இருக்கவில்லை. மாடியில் பழைய சாமான் அறையைக் காலி செய்து, வேறு இளைஞர்களைப் பிடித்து வந்து, பயிற்சியைத் தொடர்ந்தது. முன்னதாக உறுப்பினர்கள் அவசரமாகக் கூடி ஒரே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு செய்துகொண்டார்கள். இளைஞர்கள் இருக்கும் நேரத்தில் மணியின் நாக்கைக் கழற்றி வேறு இடத்தில் வைத்துவிட வேண்டும்.

ஒரு பகல் நேரத்தில் மணிக்காரர் ஏதோ குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஒரு துணிச் சுருளை ஏந்திக்கொண்டு கோட்டானின் மேசைக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"நாக்கும்மா" என்று அவள் காதருகே கிசுகிசுத்தார். "பீரோ சாவி தலைவர்கிட்ட. தலைவர் மாடியில பேசிட்டிருக்காரு. எம் பையி ஓட்டை. செத்த நேரம் இங்க இருக்கட்டும். இங்கன்னா யாரும் தொடமாட்டாங்க."

கோட்டான் துணியைப் பிரித்தாள். கனமான பித்தளை, துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. மின்விசிறி அவள் புத்தகத்தின் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தது. அவள் அதை எடுத்து ரத்த அணுக்கள் பாடத்தின்மேல் வைத்தாள். தாள் அசையாமல் நின்றது. மணிக்காரர் தயங்கித் தயங்கி மாடிக்குப் போனார்.

சாயங்காலம் மாடியிலிருந்த இளைஞர்கள் வீட்டுக்குப் போன பிறகு உறுப்பினர்களின் கூட்டம் இருந்தது. அவர்களுடைய படித்தொகையை உயர்த்துவது பற்றிய கூட்டம். ஆகவே எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். மணியை ஆட்டினால் சத்தம் வரவில்லை. நாக்கு எங்கே என்று மணிக்காரரை உலுக்கித் தெரிந்துகொண்டு, தலைவரே படியிறங்கி ஓடி வந்தார். படிப்பகக் கதவைத் தள்ளித் திறந்தார்.

"ஏம்மா, அந்த நாக்க..."

படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். கோட்டான்தான் முதலில் கை தூக்கினாள். வக்கீல் பையன் தூக்கினான். பிறகு கூடம் முழுவதும் தூக்கியது. முழங்கை ஒன்றும் மடங்கவில்லை, விரல் ஒன்றும் விரியவில்லை. அத்தனை கைகளும் சுவரிலிருந்த பலகையைக் காட்டின.

தலைவர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

கோட்டான் எதிர் நாற்காலியைக் காட்டினாள். பிறகு குனிந்து, தன் புத்தகத்தில் இன்னும் பாக்கியிருந்த தாள்களை விரலால் பிரித்துக் காட்டினாள். தலைவர் உட்கார்ந்து, அவள் படித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.